லேசர் மிஷினுக்கு எந்தக் கண்ணாடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் நாலு வீட்டுக் கார் போர்ச்சில் லேசர் மிஷின் ஓடுகிறது. ஒருவர் ரப்பர் மரப் பலகையில் வீட்டுப் பெயர் பொறிக்கிறார். ஒருவர் கல்யாணத் தாம்பூலத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் பெயர் போடுகிறார். ஒரு தம்பி தேங்காய்ச் சிரட்டையில் பிள்ளையார் செய்து பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கிறார். மிஷினைப் பற்றி மூன்று மாதம் விசாரித்து வாங்குபவர்கள், கண்ணாடியைப் பற்றி மட்டும் பெட்டியைப் பிரித்த பிறகு கேட்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்லிவிட்டேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

மிஷினோடு ஒரு பச்சைக் கண்ணாடி இலவசமாக வந்தது. அது போதாதா?

எனக்கும் வந்தது. இரண்டு வாரம் அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி சும்மா கைப்பேசித் திரை முழுக்க நீல நிறம் வரவைத்து, அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். நீலம் நீலமாகவே தெரிந்தது. என் மிஷின் விடும் ஒளியும் ஏறத்தாழ அதே நீலம். அதைத் தடுக்க வேண்டிய கண்ணாடி வழியாகத் திரையின் நீலம் கருப்பாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வில்லையிலும் இல்லை, காதில் மாட்டும் கொம்பிலும் இல்லை, எங்கேயும் ஓர் எண்கூட இல்லை. எண் இல்லாத லேசர் கண்ணாடி வெறும் பிளாஸ்டிக். அதை மாட்டிக்கொண்டால் தைரியம் மட்டும் வரும், அதுதான் இன்னும் மோசம். வெறுங்கண்ணாக இருந்தால் தள்ளியாவது நிற்போம்.

சில மிஷின்களோடு எண் அச்சிட்ட நல்ல கண்ணாடியும் வருகிறது. எண் இருந்தால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்ன எண் பார்க்க வேண்டும்?

இரண்டு. ஒன்று அலைநீளம், நானோமீட்டர் கணக்கில். கண்ணாடி எந்த அலைநீளத்திலிருந்து எந்த அலைநீளம் வரை தடுக்கும் என்று ‘190–490’ என்பதுபோல எழுதியிருக்கும். இன்னொன்று ஓ.டி. (ஆப்டிக்கல் டென்சிட்டி), அதாவது அந்த அலைநீளத்தில் எவ்வளவு தடுக்கும் என்பது.

ஓ.டி. ஒவ்வொரு எண் கூடும்போதும் பத்து மடங்கு. ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. 4-க்கும் 6-க்கும் ஏதோ இரண்டு மார்க் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், நூறு மடங்கு வித்தியாசம்.

இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். ‘ஓ.டி. 6’ என்று மட்டும் எழுதி, எந்த அலைநீளத்துக்கு என்று சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. பச்சை லேசருக்கு ஓ.டி. 6 கொடுக்கும் கண்ணாடி சிவப்பு லேசரை அப்படியே விட்டுவிடலாம். அதனால்தான் ‘எல்லா லேசருக்கும் ஏற்றது’ என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். எல்லாவற்றையும் தடுத்தால் எதுவுமே தெரியாதே!

என் மிஷின் எந்த அலைநீளம் என்று எப்படித் தெரியும்?

மிஷினின் லேசர் தலையிலோ பின்பக்கத்திலோ மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் அலைநீளம், சக்தி, எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் வகுப்பு மூன்றும் இருக்கும். நம் வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

மரம், தோல், அட்டை பொறிக்கும் சின்னத் திறந்த மிஷின் டையோடு வகை. நீல ஒளி, 445 முதல் 455 வரை. சூடேறும்போது டையோடின் அலைநீளம் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு டையோடும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவும் இருக்காது. அதனால் ‘450’ என்று ஒற்றை எண்ணைத் தொட்டு நிற்கும் கண்ணாடி வேண்டாம். இரண்டு பக்கமும் இடம் விட்டு, குறைந்தது 465-ஐத் தாண்டிப் போகும் கண்ணாடியாகப் பாருங்கள்.

அக்ரிலிக் வெட்டும் பெரிய பெட்டி மிஷின், கே40 போன்றவை, சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வகை. 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது.

உலோகத்தில் பொறிப்பது ஃபைபர் வகை. 1064 நானோமீட்டர், இதுவும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வரும் சில டையோடு மிஷின்களில் நீலத்தோடு 1064 தலையும் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் இரண்டையும் தடுக்கும் கண்ணாடி வேண்டும். ‘190–550, 800–2000’ என்று இரண்டு பகுதியாக எழுதியிருக்கும், அந்த மாதிரி.

ஃபைபர் மிஷினில் சிவப்புப் புள்ளி தெரிகிறதே?

அது வழிகாட்டி விளக்கு. எங்கே பொறிக்கப் போகிறது என்று காட்டுவதற்காகத் தனியாக வைத்த சின்னச் சிவப்பு லேசர். உண்மையான ஒளி உங்களுக்குத் தெரியாது. அந்தச் சிவப்புப் புள்ளியை மறைக்கும் கண்ணாடியைத் தேடி வாங்கிய ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். பாவம், நல்ல விலை கொடுத்திருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணை என்ன செய்யும்?

தெரியாததுதான் அதிகம் செய்யும். நம் கண் ஒரு பூதக்கண்ணாடி. சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்து வெயிலில் காய்ந்த ரப்பர் இலையைப் பொசுக்கியது ஞாபகம் இருக்கிறதா? அதே வேலை. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள எந்த ஒளியும் கருவிழியையும் விழிவில்லையையும் கடந்து நேராக விழித்திரைக்குப் போகும். போகும் வழியில் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு குவியும். 1064 அந்த எல்லைக்குள் இருக்கிறது. நீல ஒளி பட்டால் கூசும், கண் மூடும், தலை திரும்பும். 1064 பட்டால் கூசாது. விழித்திரையில் வலி நரம்பும் இல்லை. வெந்துபோனதே பிறகுதான் தெரியும்.

சிஓ2-வின் 10,600 அந்த எல்லைக்கு வெளியே. அது உள்ளே போகாது, கருவிழியின் மேற்பரப்பையே சுடும். இது வலிக்கும்.

ஓ.டி. எவ்வளவு இருந்தால் போதும்?

நீல டையோடுக்கு வீட்டிலேயே கணக்குப் போடலாம். கண் சிமிட்டி மூட ஏறத்தாழ கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடிக்குக் கண்பாவை வழியாக 1 மில்லிவாட் போனால் அதுதான் வரம்பு. வகுப்பு 2 லேசர் 1 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது என்று வைத்ததும் இதனால்தான். உங்கள் மிஷின் 10 வாட் என்றால் 10,000 மில்லிவாட். அதை 1 ஆக்க வேண்டும், பத்தாயிரத்தில் ஒன்று. ஆக ஓ.டி. 4. 20 வாட் என்றால் 4.3, 40 வாட் என்றால் 4.6.

இது கால் விநாடிக் கணக்கு. கண்ணாடி மாட்டியிருக்கும்போது கூசாது, கூசாததால் கண்ணை மூடவும் மாட்டோம். பத்து விநாடி என்று எடுத்தால் வரம்பு 0.4 மில்லிவாட்டுக்கும் கீழே போகும், 10 வாட்டுக்கே ஓ.டி. 4.4 வேண்டியிருக்கும். நான் எல்லாரிடமும் சொல்வது: 10 வாட் வரை குறைந்தது 5, அதற்கு மேல் 6. ஓர் எண் கூட இருப்பதால் நஷ்டம் இல்லை, வில்லை கொஞ்சம் இருட்டும்.

நேரடி ஒளி மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 10 வாட் நீல ஒளி வெள்ளைப் பலகையில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அரை மீட்டர் தள்ளிக் குனிந்து பார்க்கிறீர்கள். உங்கள் கண்ணில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிவாட் விழுகிறது. நூறு விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த நீலத்துக்கு அனுமதிக்கும் அளவு 0.1 மில்லிவாட்தான். பலகையில் எழுத்து விழுவதை வேடிக்கை பார்ப்பதே பதிமூன்று மடங்கு! முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் ஏறும்: தூரம் பாதியானால் ஒளி நாலு மடங்கு.

கடைக்காரர் என் மிஷினை 40 வாட் என்று விற்றார். வேறொருவர் 5 வாட் என்கிறார். எதை வைத்துக் கணக்குப் போடுவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். மிஷின் இழுக்கும் மின்சாரத்தை எழுதி ‘40 வாட்’ என்று விற்பது பழைய தந்திரம். வெளியே வரும் ஒளிதான் நமக்குக் கணக்கு. ‘ஆப்டிக்கல் அவுட்புட் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பதில் சரியாக வரவில்லையென்றால் பெரிய எண்ணையே வைத்துக் கண்ணாடி வாங்குங்கள்.

ஆரஞ்சு நிறமாக இருந்தால் நீல லேசருக்குச் சரிதானே?

நீலத்தைத் தடுக்கும் வில்லை ஆரஞ்சாகவோ சிவப்பாகவோதான் தெரியும், அது உண்மை. ஆனால் ஆரஞ்சாக இருப்பதெல்லாம் நீலத்தைப் போதுமான அளவு தடுக்கும் என்று சொல்ல முடியாது. மோட்டார் ஓட்டும்போது மாட்டும் மஞ்சள் கண்ணாடியும் அந்தப் பக்கத்து நிறம்தான். டீயும் காவியும் ஒரே நிறம் என்பதற்காகக் காவியைக் குடிப்போமா? நிறம் பார்ப்பது கழித்துக்கட்டுவதற்கு மட்டும். தேர்ந்தெடுப்பதற்கு எண்.

தோட்டத்தில் செம்பனை அறுக்கும்போது மாட்டக் கொடுத்த வெள்ளைக் கண்ணாடி வீட்டில் நிறைய இருக்கிறது. அது?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பதில் நேராக இல்லை.

அந்தக் கண்ணாடி பாலிகார்பனேட். குலை விழும்போது தெறிக்கும் முள்ளையும் தூசியையும், புல்வெட்டி மிஷின் எறியும் கல்லையும் தடுக்கச் செய்தது. தெளிவான பாலிகார்பனேட் சிஓ2-வின் 10,600-ஐ விழுங்கிவிடும். கே40-இன் மூடி வழியாக நாம் தைரியமாகப் பார்ப்பதும் அந்த மாதிரிப் பிளாஸ்டிக் வழியாகத்தான். ஆக சிஓ2 மிஷினில் சிதறி வரும் ஒளிக்கு அது ஓரளவு காவல். குவிந்த ஒளி நேராகப் பட்டால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழும். பக்கவாட்டில் திறந்திருந்தால் அந்த வழியாகவும் வரும். எனவே அதற்கும் எண் போட்ட கண்ணாடிதான் முறை.

அதே கண்ணாடி நீல டையோடுக்கு? ஜன்னல். 1064-க்கு? அதுவும் ஜன்னல். ஒளி முழுதாக உள்ளே வரும்.

சிஓ2 வைத்திருப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: மூடியைத் திறந்துவைத்து, உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளை அலைன் பண்ணும்போதுதான் கண் போகிறது. உயிர் போவது பின்பக்கக் கதவில். அங்கே இருக்கும் லேசர் குழாய்க்கு ஏறும் மின்னழுத்தம் பதினைந்து, இருபதாயிரம் வோல்ட்.

கூலிங் கிளாஸ், வெல்டிங் கண்ணாடி?

கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம். அது எல்லா வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைக்கும், அதனால் கண்பாவை விரியும், லேசர் உள்ளே போக வாசல் பெரிதாகும். வெல்டிங் கண்ணாடி நல்ல இருட்டுதான். ஆனால் லேசருக்கு அதைச் சோதித்து யாரும் எண் போடவில்லை. அதை மாட்டிக்கொண்டு பலகையும் தெரியாது, நிறுத்தும் பொத்தானும் தெரியாது.

கட்டட வேலை செய்யும் மச்சானிடம் ‘லேசர் கிளாஸ்’ என்று சிவப்புக் கண்ணாடி இருக்கிறது. இரவல் வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது லெவல் பார்க்கும் சிவப்புக் கோடு வெயிலில் நன்றாகத் தெரிவதற்காகச் செய்தது. லேசரைத் தடுக்க அல்ல, லேசரை எடுத்துக்காட்ட. பெயர் ஒன்று, வேலை நேர்மாறு.

வில்லையில் ‘டி எல்பி5’ என்று ஏதோ எழுதியிருக்கிறது. ஓ.டி. இல்லையே?

அது ஐரோப்பியத் தரம், இஎன் 207. அமெரிக்க வழியில் செய்த கண்ணாடியில் அலைநீளமும் ஓ.டி.யும் மட்டும் இருக்கும். ஐரோப்பிய வழியில் எல்பி எண் இருக்கும். எல்பி5 என்றால் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும், அந்த அளவில் ஓ.டி. 5 போலவே. ஆனால் அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒளி வில்லையின் மேல் நேராகப் பட்டால் சில விநாடி உருகாமல், வெடிக்காமல் தாங்குகிறதா என்றும் சோதித்துத்தான் எல்பி எண் கொடுப்பார்கள். அதனால் இரண்டு கண்ணாடி கையில் இருந்தால் நான் எல்பி போட்டதை எடுப்பேன்.

சில விநாடி என்பதைக் கவனியுங்கள். தப்பித் தவறி பட்டால் விலகிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அது. மாட்டிக்கொண்டு ஒளியை நேராகப் பார்ப்பதற்கு எந்தக் கண்ணாடியும் செய்யப்படவில்லை.

முன்னால் வரும் எழுத்து லேசரின் வகை. டி என்றால் தொடர்ந்து வரும் ஒளி, நம் நீல டையோடு. ஐ என்றால் துடிப்பு. ஆர் என்றால் மிகச் சின்ன, மிகப் பலமான துடிப்பு. எம் அதைவிடச் சின்னது, நம் வீட்டு மிஷின்களுக்குத் தேவைப்படாது.

ஃபைபர் மிஷின் வைத்திருப்பவர்கள் ஆர் என்ற எழுத்தைத் தேட வேண்டும். காரணம்: ‘20 வாட்’ என்பது சராசரி. விநாடிக்கு 20,000 துடிப்பு என்றால் ஒரு துடிப்பில் 1 மில்லிஜூல். அது 100 நானோ விநாடிக்குள் முழுவதும் கொட்டுகிறது. அந்தக் கணத்தில் அதன் சக்தி 10,000 வாட். எனவே முன்னால் போட்ட ஓ.டி. கணக்கு இங்கே செல்லாது. டி மட்டும் போட்ட கண்ணாடி இதற்குச் சோதிக்கப்பட்டதல்ல.

இஎன் 208 என்று இன்னொன்று உண்டு. புள்ளி மங்கலாகத் தெரியும்படி விட்டு, மிஷினுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளைச் சரிசெய்யப் பயன்படுவது. பொறிக்கும் வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

ஐரோப்பாவின் சிஇ முத்திரை இருந்தால் அசல்தானே?

சிஇ என்று அச்சடிக்க மை போதும். அதோடு அலைநீளம், எல்பி எண், செய்தவர் அடையாளம் எல்லாம் வில்லையிலோ சட்டத்திலோ இருக்கிறதா பாருங்கள். விற்பவரிடம் ஒளி ஊடுருவும் அளவைக் காட்டும் வரைபடம் கேளுங்கள். ஒழுங்கான தயாரிப்பாளர் ஒவ்வொரு வில்லைக்கும் அதை வைத்திருப்பார். வரைபடத்தில் உங்கள் அலைநீளம் சமவெளியில் இருக்க வேண்டும், சரிவின் விளிம்பில் அல்ல. கேட்டதற்கு ‘நல்ல தரம் போஸ், நிறைய பேர் வாங்குறாங்க’ என்று பதில் வந்தால் அந்தக் காசுக்கு ரொட்டி சானாய் சாப்பிடலாம்.

ஆன்லைனில் வாங்கியது கைக்கு வந்துவிட்டது. வீட்டில் சோதிக்க முடியுமா?

நல்லது என்று நிரூபிக்க முடியாது. மோசம் என்று கண்டுபிடிக்க முடியும். நீலத்துக்கு வாங்கியதென்றால் நான் செய்த கைப்பேசிச் சோதனை போதும். இருட்டறையில் திரை முழுக்க நீலம், வெளிச்சம் கடைசிவரை. கண்ணாடி வழியாகக் கருப்பாகத் தெரிய வேண்டும். நீலமாகத் தெரிந்தால் குப்பை. கருப்பாகத் தெரிந்தால் முதல் கட்டம் தாண்டியது என்று மட்டும் அர்த்தம். கைப்பேசி வெளிச்சத்தைத் தடுப்பது வேறு, 10 வாட்டைத் தடுப்பது வேறு.

1064-க்கும் 10,600-க்கும் வீட்டுச் சோதனை கிடையாது. அங்கே நம்பிக்கை முழுக்கத் தயாரிப்பாளரின் எண்ணில்தான். அதனால் அந்த இரண்டு வகைக்கும் மலிவுக் கண்ணாடி வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

கண்ணாடியை மிஷினின் கீழே வைத்துச் சுட்டுப் பார்க்காதீர்கள். வில்லையின் மேற்பரப்பு பளபளப்பு. ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

நான் பவர் கண்ணாடி போடுகிறேன்.

மேலேயே மாட்டிக்கொள்ளும் அகலமான வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். மாட்டிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டிலும் புருவத்துக்கு மேலும் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். ஒரு விரல் நுழைந்தால் ஒளியும் நுழையும்.

இந்தப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் ஆவி பிடித்துவிடுகிறது!

பிடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போர்ச்சில் கண்ணாடி மாட்டி உட்கார்ந்தால் நெற்றி வியர்வை முழுவதும் வில்லையில்தான். காற்றோட்டத் துளை வைத்த வகை வாங்கலாம், துளை நேராக இல்லாமல் வளைந்து போகும்படி இருக்க வேண்டும். நான் சாயங்காலம் ஏழுக்கு மேல்தான் மிஷினைத் தொடுகிறேன், காற்றாடியை முகத்தின் பக்கம் வைத்துக்கொண்டு. ஆரஞ்சு வில்லை வெளிச்சத்தையும் குறைப்பதால் குழல்விளக்கு ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன். எரிச்சலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறீர்கள் என்றால் முதலில் மிஷினை நிறுத்துங்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும்.

கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும். தின்னர், அசிட்டோன் படவே கூடாது, பாலிகார்பனேட் விரிசல் விட்டுவிடும். கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். வில்லையில் ஒளியைத் தடுப்பது சாயம், அது வெயிலிலும் சூட்டிலும் காலப்போக்கில் வெளுக்கும். கீறல், வெடிப்பு, நிறமாற்றம் மூன்றில் எது வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எனக்கு ஒன்று வாங்கினால் போதும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். நான் வளர்ந்தது தோட்டத்து லயத்தில். கதவு என்ற ஒன்று இருந்தது, மூடியதை நான் பார்த்ததில்லை. தாமான் வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி கறிவேப்பிலை பறிக்க வருவார். பிள்ளைகள் சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடிவரும்.

ஒரு நாள் எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் ‘தாத்தா’ என்று பொறித்துக்கொண்டிருந்தேன். கறுப்புச் சாயம் பூசித்தான் வைத்தேன், ஆனால் விளிம்பில் சாயம் படவில்லை. ‘த்’ மேலே உள்ள புள்ளிக்கு மிஷின் போனபோது ஒளி அந்த வளைந்த விளிம்பில் பட்டுத் திரும்பியது. எனக்குத் தெரியவில்லை, என் கண்ணாடி நல்ல கண்ணாடி, நீலத்தை முழுதாக மறைத்துவிட்டது. கேட்டில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் ‘மாமா, செவுத்துல லைட்டு!’ என்றான். நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அவன் காட்டிய இடத்தைப் பார்த்தேன். கேட்டை ஒட்டிய சுவர். அவன் முகத்துக்கு இரண்டு சாண் பக்கத்தில்.

கண்ணாடி மாட்டியவரைக் காக்கும். மாட்டாதவரைக் காக்காது. அதோடு, மாட்டியவருக்கு ஒளி எங்கே போகிறது என்பதும் தெரியாமல் போகும்.

அந்த வாரமே பெட்டி செய்தேன். ஒட்டுப் பலகையில் நாலு பக்கமும் மேலேயும் அடைத்து, உள்ளே மங்கலான கறுப்புச் சாயம் அடித்து, புகை போக ஒரு குழாயும் காற்றாடியும். மூடியைத் திறந்தால் மிஷின் நிற்கும்படி ஒரு சுவிட்ச். பார்ப்பதற்கு ஜன்னல் வைக்கவில்லை, உள்ளே ஒரு சின்ன வெப்கேம். கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன். ஜன்னல் வேண்டுமென்றால் அலைநீளமும் ஓ.டி.யும் எழுதி விற்கும் லேசர் அக்ரிலிக் வாங்க வேண்டும். விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் ஆரஞ்சு அக்ரிலிக்கைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பெட்டி வைத்தாலும் பக்கத்திலேயே இருங்கள், மரம் தீப்பிடிக்கும்.

பெட்டி வந்த பிறகும் கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து ஒளியைச் சரிசெய்யும் நாளில் எனக்கு ஒன்று, உதவிக்கு வருபவருக்கு ஒன்று. அன்று கேட்டும் பூட்டியிருக்கும்.

பிள்ளை பாசார் மாலாமில் பச்சை லேசர் பாயிண்டர் கேட்கிறான். கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பயமில்லையா?

பயம்தான். பாயிண்டரே வேண்டாம். அதன் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்ப முடியாது. பச்சை 532 நானோமீட்டர் ஒளி நேராக வருவதில்லை. உள்ளே 808-இல் அகச்சிவப்பு எரிந்து, 1064 ஆகி, அது பாதியாகிப் பச்சையாகிறது. மலிவாகச் செய்யும்போது அகச்சிவப்பை வடிகட்டும் துண்டை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2010-இல் இப்படி ஒரு மலிவுப் பாயிண்டரை அளந்தபோது, 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது. பச்சையை மட்டும் தடுக்கும் கண்ணாடி அதை விட்டுவிடும்.

கண்ணாடி மாட்டினால் புகையிலிருந்தும் காக்குமா?

காக்காது. ரெக்சின், பிவிசி எதையும் லேசரில் வைக்காதீர்கள். வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நெஞ்சையும் அரிக்கும், மிஷினையும் அரிக்கும்.

கண்ணில் பட்டுவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?

மிஷினை அணையுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். பிள்ளையின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தின் நடுவில் புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் புள்ளியைப் பாருங்கள், பிறகு மாற்றி. கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கட்டம் காணாமல் போனாலோ, கறை மாதிரி ஏதாவது நின்றாலோ விழித்திரையில் பட்டிருக்கலாம். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள். கட்டம் ஒழுங்காகத் தெரிந்தாலும் பட்டது உறுதியென்றால் போய்க் காட்டுங்கள்.

அன்றைக்கே போங்கள். நம் பக்கத்தவர்களுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது. நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். மிஷினின் மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ‘லேசர் பட்டது’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் எதைத் தேடுவார்? ‘450 நானோமீட்டர், 10 வாட், சாயங்காலம் ஏழு மணி, வலது கண்’ என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

உங்கள் கண்ணாடியை ஒரு வாரம் இரவல் தருவீர்களா?

உங்கள் மிஷினும் நீல டையோடு என்றால் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைபர் என்றால் என்னுடையது உங்களுக்கு உதவாது. சிஓ2 என்றாலும் அப்படித்தான். எது என்று தெரியாவிட்டால் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஸ்டிக்கரே இல்லையென்றால் மிஷினை இன்னும் பிளக்கில் சொருகாதீர்கள்.